ரேஷன் கார்டும் ஒரு பெனால்டியும்

மேசை மேல் இரண்டு ரேஷன் கார்டுகள் திறந்து கிடந்தன. இரண்டிலும் என் பெயர் இருந்தது. ஒன்றில் நீல மையில் புதிதாக எழுதி, பக்கத்தில் வட்ட முத்திரை குத்தியிருந்தார்கள். இன்னொன்றில் அதே பெயரின் மேல் சிவப்பாக ஒரு கோடு.

செல்வராசு சார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். எங்கள் எட்டு ஊர் கால்பந்துப் போட்டிக்குச் செயலாளரும் அவர்தான், நடுவரும் அவர்தான்.

"சாதிக், ஒரே ஆளு ரெண்டு ஊருக்கு ஆடுறதுக்கு நான் என்ன சர்க்கஸா நடத்துறேன்? எந்த ஊருப்பா நீ?"

இதென்ன கேள்வி என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஓடைவெளியில் பிறந்தவன் நான். ஓடைவெளிக்கு ஏழு வருடமாக ஆடிக்கொண்டிருந்தேன். அப்போதுகூடச் சட்டைக்குள் ஓடைவெளியின் ஒன்பதாம் நம்பர் பனியனைத்தான் போட்டிருந்தேன்.

என் வலது பக்கம் அண்ணன் ஜமால் நின்றார். ஓடைவெளி அணியின் கோலி, அதாவது கோல்கீப்பர்; கேப்டனும் அவர்தான். இடது பக்கம் என் மாமனார் கனி மாமா. வெட்டாற்றுக்கு அக்கரையில் இருக்கும் பெருவாய்ச்சேரி அணிக்குப் பந்து, பனியன், சர்பத் எல்லாம் அவர் கைச்செலவு. அவர் மகள் மெஹரை நான் கட்டி மூன்று மாதம் ஆகியிருந்தது.

அண்ணன் குனிந்து எங்கள் வீட்டுக் கார்டைப் பார்த்தார். சிவப்புக் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"எப்படா பேரை எடுத்தே?"

"பாஸ்போர்ட்டுக்காக எடுத்ததுண்ணே. ஆட்டத்துக்கும் அதுக்கும் என்ன…"

அண்ணன் சார் பக்கம் திரும்பினார். "எழுதிக்கிங்க சார். சாதிக், பெருவாய்ச்சேரி" என்றார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "பனியனைக் கழட்டிக் குடுத்துட்டுப் போடா."

எட்டு ஊர்க்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, நான் சட்டையைக் கழற்றி, பனியனைக் கழற்றி, மறுபடி சட்டையைப் போட்டேன். பொத்தான்கள் மாறிப்போயின.

கார்டு எந்த ஊரோ, ஆள் அந்த ஊர்

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்பெல்லாம் ஊருக்கு ஒரு வேன் பிடித்து எங்கெங்கோ இருந்து ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். ஒரு வருடம் ஓர் ஊரில் ஐந்து பேரைக் கூட்டிவந்து, "எங்க சின்னம்மா பிள்ளைங்க" என்றார்கள். செல்வராசு சார் அதில் ஒருவனிடம் அவன் சின்னம்மா பெயரைக் கேட்டார். அவனுக்குத் தமிழே தெரியவில்லை!

அன்றைக்கே சார் முடிவு கட்டிவிட்டார். ரேஷன் கார்டில் பெயர் எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊருக்குத்தான் ஆட வேண்டும். கார்டை மேசையில் வைத்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும். வளைகுடாவில் இருக்கும் ஆள் விடுமுறைக்கு வந்தாலும் ஆடலாம், ஏனென்றால் அவன் சர்க்கரை இங்கேதான் வாங்கப்படுகிறது. நல்ல சட்டம். நானும் கைதட்டியவன்தான்.

ஆனால் எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் இன்னொரு வழக்கம் உண்டு. வீடு பெண்ணுக்கு. கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வெளியூர்க்காரர்கள் வீட்டோடு மாப்பிள்ளை என்று கேலி பேசுவார்கள். எங்களுக்கு அதில் ஒரு கூச்சமும் கிடையாது, எல்லார் வீட்டிலும் அதுதான் நடப்பு. நானும் பாலத்தைத் தாண்டிப் போனேன். நடந்தால் கால் மணி நேரம்.

அந்தச் சமயம் ஊர் முழுக்கப் பாஸ்போர்ட் பைத்தியம் பிடித்திருந்தது. கடைத்தெருவில் மஞ்சள் எழுத்தில் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்த புதிது. கனி மாமா என்னைத் துபாயில் ஒரு மளிகைக் கடையில் சேர்த்துவிடுவதாக ஏற்பாடு. "மாப்புள, அட்ரஸ் நம்ம வீட்டு அட்ரஸா இருக்கட்டுங்க" என்று ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். கீழ்வேளூர் தாலுகா ஆபீசில் ஓடைவெளிக் கார்டிலிருந்து என் பெயரை நீக்கி, பெருவாய்ச்சேரிக் கார்டில் சேர்த்துவிட்டார்கள்.

அந்தக் கையெழுத்தோடு என் ஒன்பதாம் நம்பர் பனியனும் ஆற்றைத் தாண்டிவிட்டது என்பது மேசைக்கு முன்னால் நிற்கும்வரை எனக்கு உறைக்கவே இல்லை. அடுத்த ஊரில் பெண் எடுத்து, அவசரமாகக் கார்டையும் மாற்றி, அண்ணனுக்கு எதிராகவே ஆடப் போன மடையன் அந்த எட்டு ஊரிலும் நான் ஒருவன்தான்.

சிமெண்டுக் களம்

என் பெனால்டியைப் பற்றிப் போன வாரம் இந்தத் தொடரில் கொஞ்சம் அளந்திருந்தேன். உடனே கடிதம் வந்துவிட்டது. "தாங்கள் ஒரு பெனால்டிகூடத் தவறவிட்டதே இல்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஐயா, அளக்கவில்லை. நடந்ததைத்தான் சொன்னேன். பெனால்டி என்றால் எனக்குப் பல் துலக்குவது மாதிரி.

அதற்குக் காரணம் ரைஸ்மில். அண்ணன் ஓடைவெளி மில்லில் மேஸ்திரி. அவித்த நெல்லைக் காயப்போடுகிற பெரிய சிமெண்டுக் களம் அங்கே இருந்தது. சாயங்காலம் நெல்லை அள்ளிய பிறகு களம் எங்களுடையது. சுவரில் கரித்துண்டால் கோல் கம்பம் வரைந்திருந்தோம். நான் அடிப்பேன், அண்ணன் பிடிப்பார். சிமெண்டில் பாய்ந்து பாய்ந்து அவர் முழங்கை இரண்டும் தோலுரிந்து, காய்ந்து, மறுபடி உரியும். அவித்த நெல்லின் வாடை உடம்பெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

பத்து அடித்தால் மூன்று பிடிப்பார். வேறு எந்தக் கோலியும் என்னிடம் ஒன்றுகூடப் பிடித்ததில்லை. தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும். அவர்தான் எப்போதும் வாங்கித் தருவார்.

ஒரே ஒரு சங்கடம். அந்தச் சுவரில், அண்ணனின் வலது கைப் பக்கம், கோலின் மேல் மூலையில் மேனேஜர் அறையின் கண்ணாடி ஜன்னல் இருந்தது. அங்கே அடித்தால் கண்ணாடி போய்விடும், களமும் போய்விடும். அதனால் நான் அடிப்பதெல்லாம் அவருடைய இடது பக்கம், தரையோடு. வலது மேல் மூலைக்கு அத்தனை வருடத்தில் ஒரு பந்துகூடப் போனதில்லை.

இந்த ஜன்னலை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாவட்டப் பனியன்

மாவட்டத்துக்கு நான் ஆட ஆரம்பித்தது தஞ்சாவூர் மாவட்டம் ஒன்றாக இருந்த காலத்தில். திருவையாற்றுப் பக்கம் முகாம் போடுவார்கள். தண்ணீர் இல்லாத காவிரியில் மணலில் ஓட விடுவார்கள். முழங்கால்வரை மணல் இழுக்கும். பயிற்சியாளர் பீட்டர் சார் கரையில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். "சாதிக்கு, கால்ல என்ன வாழைமட்டையா கட்டியிருக்க? தூக்கி வையி!" என்பார். மயிலாடுதுறையில் நடந்த ஒரு மாவட்ட ஆட்டத்தில் நான் இரண்டு கோல் அடித்ததும் அதே பீட்டர் சார் ஓடிவந்து என்னைத் தூக்கினார். தூக்க முடியாமல் இருவரும் விழுந்தோம்.

முகாமுக்கு அண்ணனும் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் கடைசி நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆறடிக்கு மேல் உயரமாக ஒரு கோலி அப்போது இருந்தார். அண்ணன் என் தோளுக்கு இரண்டு விரல் மேல், அவ்வளவுதான். நான் மாவட்டப் பனியனோடு ஊருக்கு வரும்போதெல்லாம் அதைத் துவைத்துக் காயப்போடுவது அவர்தான். அம்மா வாங்கப் போனால்கூடத் தர மாட்டார். உதறி, நம்பர் தெரிகிற மாதிரி கொடியில் விரித்துப் போடுவார்.

மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. எங்கள் பக்கத்துக்குப் புது அணி கட்ட வேண்டும். உயரமான கோலி தஞ்சாவூர்ப் பக்கமே நின்றுவிட்டார். பீட்டர் சார் எங்கள் பக்கம் வந்துவிட்டார். "எட்டு ஊர் ஃபைனலைப் பாக்க வர்றேன். கோலி தேடிக்கிட்டிருக்கேன்" என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்.

அண்ணனுக்கு அப்போது முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தா இறந்து நாளாகிவிட்டது, வீடு அவர் தலையில். ஷார்ஜாவில் ஒரு வேலைக்கு விசாவும் வந்திருந்தது. நோன்புப் பெருநாள் கழித்துக் கிளம்ப வேண்டும். புது அணியின் முதல் ஆட்டமோ நோன்புக்கு முன்னால். வெளிநாடு போய்விட்டால் அதற்குப் பிறகு ஏது ஆட்டம்?

"ஒரே ஒரு ஆட்டம் போதும்டா" என்றார் என்னிடம். "மாவட்டப் பனியனை ஒரு தடவை போட்டுக்கிட்டு இறங்கிட்டேன்னா, அப்புறம் ஒட்டகம் மேய்க்கச் சொன்னாலும் மேய்ப்பேன்."

இதெல்லாம் பேசி முடித்த பிறகுதான் மேசை மேல் இரண்டு ரேஷன் கார்டுகள் கிடந்தன. ஃபைனலுக்கு வந்த இரண்டு அணிகள் எவை என்று நான் சொல்லவும் வேண்டுமா?

இடியாப்பமும் பாயாவும்

புது மாப்பிள்ளைக்குப் பெருவாய்ச்சேரியில் நடந்த உபசாரத்தை ஒரு வரியாவது எழுதாமல் போனால் என் மாமியார் மன்னிக்க மாட்டார். காலையில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். பதினோரு மணிக்கு ஏதாவது ஒன்று. மத்தியானம் பிரியாணி. மூன்று மாதத்தில் எனக்கு இடுப்புப் பொத்தான் போட முடியவில்லை.

"பந்துக்கு முன்னாடி உங்க தொந்திதான் போய் கோல்ல விழப்போகுது" என்றாள் மெஹர்.

ஃபைனல் அன்று காலை அவளிடம் மனதில் இருந்ததைச் சொன்னேன். "பீட்டர் சார் அண்ணனைப் பாக்கத்தான் வர்றாரு. நான் கோல் அடிச்சா அண்ணன் போச்சு. அடிக்கலன்னா உங்க ஊரு என்னைத் தொலைச்சுடும்."

அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எங்க ஊரு கிடக்குது. உங்க அண்ணன் என்ன சொல்லுவாரோ அதைச் செய்ங்க."

அண்ணனிடம் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

முதல் பந்து

எங்கள் பக்கம் தாளடி என்கிற இரண்டாம் போக நெல் அறுப்புக்கு முன்பே, நிற்கிற பயிருக்குள் உளுந்து தெளித்துவிடுவது வழக்கம். அறுப்பு முடிந்தால் வயலெல்லாம் உளுந்துதான், ஆட இடம் இருக்காது. பெரிய பண்ணைக்காரர் ஒருவர் மட்டும் ஆற்றோரத்தில் ஒரு வயலை எங்களுக்காகத் தெளிக்காமல் விட்டுவைப்பார். தாளை அடியோடு அறுத்து, டிராக்டரில் உருளை கட்டி இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கம்பம் சவுக்கு. வலை நாகப்பட்டினத்திலிருந்து வந்த பழைய மீன்வலை. கோல் பக்கம் போனாலே கருவாட்டு வாசம் அடிக்கும்.

வரப்பு முழுக்கச் சனம். வடக்கு வரப்பில் ஓடைவெளி, தெற்கு வரப்பில் பெருவாய்ச்சேரி. சர்பத் வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு பீட்டர் சார் உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு.

ஓடைவெளி சீக்கிரமே ஒரு கோல் போட்டுவிட்டது. எங்கள் அணிக்கு, அதாவது பெருவாய்ச்சேரிக்கு, பந்தே சரியாக வரவில்லை. பாதி ஆட்டம் முடிகிற நேரத்தில் ஒரு நீளமான பந்து என் காலுக்கு வந்தது. தடுக்க ஆள் இல்லை. எனக்கு முன்னால் அண்ணன் மட்டும்.

அவர் கைகளை விரித்துக்கொண்டு முன்னால் ஓடிவந்தார். இரண்டு பக்கமும் கோல் திறந்து கிடந்தது. எனக்கு அந்த நொடியில் கொடியில் காய்கிற பனியன்தான் கண்ணுக்கு வந்தது. மனம் இளகிவிட்டது. நேராக, மெதுவாக, அவர் நெஞ்சுக்கு உருட்டிவிட்டேன்.

வடக்கு வரப்பு குதித்தது. "ஜமாலண்ணே! ஜமாலண்ணே!"

அண்ணன் பந்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். உடனே உதைக்கவில்லை. செல்வராசு சார் விசில் ஊதி அவசரப்படுத்திய பிறகுதான் உதைத்தார்.

இடைவேளையில் தண்ணீர்க் குடத்துப் பக்கம் வந்தார். மில்லில் கூலியாட்கள் மேல் கோபம் வந்தால் அவர் குரல் உயராது, இறங்கும். அந்தக் குரலில் பேசினார்.

"என்னடா அது? மூட்டை இறக்குற மாதிரி கையில வச்சிட்டுப் போற?"

"கால் வழுக்கிடுச்சுண்ணே."

"உன் கால எனக்குத் தெரியாதா? ஏன்டா, நான் உன்கிட்ட பிச்சை கேட்டேனா?"

"பீட்டர் சார் பாக்குறாரேன்னு…"

"பாக்கட்டும். நான் பிடிக்கிறதைப் பாக்கட்டும், நீ குடுக்கிறதைப் பாக்க வேணாம். இனிமே ஒரு பந்து அந்த மாதிரி வந்துச்சுன்னா பிடிக்க மாட்டேன். விலகி நின்னுடுவேன். ஓடைவெளி தோத்தா உன்னாலதான்."

தண்ணீரைக் குடிக்காமலே டம்ளரைக் குடத்தின் மேல் கவிழ்த்துவிட்டுப் போனார்.

இரண்டாவது பந்து

ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். ஓடைவெளியின் தடுப்பாட்டக்காரர் ஒருவர் கோல் வாசலில் பந்தைக் கையால் தட்டிவிட்டார். விசில். பெனால்டி.

"மாப்புள! மாப்புள!" என்று தெற்கு வரப்பு முழுக்க ஒரே கூச்சல். கனி மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டுக்கு உள்ளேயே வந்துவிட்டார். இந்தப் பந்து விழுந்தால் ஆட்டம் சமம்.

நான் பந்தைக் கையில் எடுத்தேன். சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. துடைத்து வைத்தேன். அண்ணன் சவுக்குக் கம்பத்தின் கீழ் குந்தினாற்போல் நின்றார். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தார். நான் எங்கே அடிப்பேன் என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இனி விட்டுக்கொடுக்கும் பேச்சே கிடையாது. விட்டால் அவர் விலகி நின்றுவிடுவார், சொன்னதைச் செய்கிற ஆள். ஆகவே முழுசாக அடிப்பது என்று முடிவு செய்தேன். முழுசாக என்றால், அவரை ஏமாற்றி. வலது மேல் மூலை. ஜன்னல் மூலை. இந்த வயலில் கண்ணாடி ஏது?

நாலு அடி பின்னால் போய் ஓடிவந்து அடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அதைவிட நல்ல பந்து அடித்ததில்லை. மாவட்டத்துக்கும் இல்லை, மயிலாடுதுறையிலும் இல்லை. பட்டதும் காலிலேயே தெரிந்துவிட்டது. கோல்தான் என்று நான் பாதி கையைத் தூக்கியும்விட்டேன்.

அண்ணன் இடது பக்கம் சாய்ந்திருந்தவர், அந்தச் சாய்விலிருந்தே வலது பக்கம் எப்படிப் போனாரோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உடம்பு முழுக்க ஆகாயத்தில். வலது கை விரல் நுனி பட்டது. பந்து சவுக்கில் டங்கென்று மோதி வெளியே போனது. அண்ணன் தரையில் விழுந்தார்.

 தெற்கு வரப்பிலிருந்து யாரோ ஒருவன் கத்தினான்.

"விட்டுட்டான்டா! அண்ணனுக்கு விட்டுக் குடுத்துட்டான்!"

வடக்கு வரப்பிலும் அதையேதான் சொன்னார்கள், சந்தோஷமாக. "அண்ணன் தம்பின்னா இப்படில்ல இருக்கணும்!"

நான் அண்ணனைத் தூக்கப் போனேன். நடுவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அந்தப் பக்கம் எப்படா அடிக்கக் கத்துக்கிட்ட?"

"இப்பத்தாண்ணே."

"மில்லா இருந்தா கண்ணாடி போயிருக்கும்."

பீட்டர் சாரின் நோட்டு

ஓடைவெளி கோப்பையைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் போய்விட்டது. கனி மாமா செருப்பைத் தேடுகிற சாக்கில் என் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விட்டார். நான் நேராக பீட்டர் சாரிடம் போனேன். அண்ணன் பெயரை எழுதியிருப்பார் என்று அவ்வளவு நம்பிக்கை.

சார் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் எப்படி சார்?"

"நல்லாத்தான் பாயுறான். ஆனா நான் எதை எண்ணுறது சாதிக்கு? இன்னிக்கு அவனுக்கு வந்ததே ரெண்டு பந்து. ரெண்டும் நீ அடிச்சது."

"சார், அந்தப் பெனால்டி நான் உசுரக் குடுத்து அடிச்சது. அம்மா மேல ஆணையா, அடிச்சேன் சார்!"

"சரி. மொதப் பந்து?"

நான் குனிந்து கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தேய்த்தேன்.

"மொதல்ல விட்டுக் குடுத்தவன் ரெண்டாவதும் விட்டுருக்க மாட்டான்னு நான் எப்படிய்யா நம்புறது? இன்னும் நாலு ஊர்ல கோலி பாக்கணும். நீ முகாமுக்கு வந்து சேரு." பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

அந்த வரப்பில் நின்று நான் அழுதேன். எழுத வெட்கமில்லை. அண்ணன் ஒன்றும் என்னிடம் கேட்கவில்லை, நானாகப் பிரியமாக ஒன்று கொடுத்தேன். அவர் சம்பாதித்ததை அது தின்றுவிட்டது. அவரே நேர்மையாகப் பிடித்த பந்துக்கு என்னாலேயே மதிப்பு இல்லாமல் போய்விட்டது.

புது மாவட்டத்தின் முதல் ஆட்டத்தில் வேறு ஒருவர் கோலியாக நின்றார். நான் ஒன்பதாம் நம்பரில் ஆடினேன். அந்தத் தடவை பனியனைத் துவைக்க அண்ணனிடம் கொடுக்கவில்லை. மெஹரிடம் கொடுத்தேன்.

வேன் நின்ற இடம்

பெருநாள் முடிந்தது. அண்ணன் கிளம்பும் நாள் வந்தது. சென்னை விமான நிலையத்துக்கு ஒரு வேன். அந்தக் காலத்தில் ஒருவர் வெளிநாடு போனால் பதினைந்து பேர் ஏற்றிவிடப் போவார்கள். ஊறுகாய் பாட்டில், வெற்றிலை, அழுகை எல்லாம் வேனுக்குள் ஏறியாகிவிட்டது. கனி மாமாகூட வந்திருந்தார். என்னோடு பேச ஆரம்பித்திருந்தார், ஆனால் பந்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

அண்ணன் புதுச் சட்டை, புது பேண்ட், ஷூ என்று ஆளே மாறியிருந்தார். வேனில் ஏறுவதற்கு முன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சாதிக், ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லு. அன்னிக்கு ரெண்டாவது பந்து, விட்டியா?"

எனக்குத் தலையில் அடித்தது போல் இருந்தது. ஊர் சொன்னது. பீட்டர் சார் சொன்னார். அதெல்லாம் போகட்டும். இரண்டு மாதமாக எல்லாரும் சொல்லிச் சொல்லி, பிடித்த கைக்கே சந்தேகம் வந்துவிட்டது!

"இல்லண்ணே."

"ம்… சரிடா."

அந்த "சரிடா"வில் நம்பிக்கை இல்லை. என்னைச் சங்கடப்படுத்தாமல் இருக்கச் சொன்னது அது. அதையும் தூக்கிக்கொண்டு இவர் ஷார்ஜாவுக்குப் போகப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. வீட்டுக்குள் ஓடினேன். கட்டிலுக்கு அடியில் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினேன்.

"இது எதுக்குப்பா?" என்றார் டிரைவர்.

"மில்லுகிட்ட நிறுத்துங்க, சொல்றேன்."

காலை வெயில். களத்தில் ஒரு பாதிக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. நாலைந்து பெண்கள் காலால் துழாவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவர்ப் பக்கம் காலியாக இருந்தது. கரிக்கோடு மங்கலாகத் தெரிந்தது.

"இறங்குங்கண்ணே. கோல்ல நில்லுங்க."

"ஃப்ளைட்டுக்கு நேரமாச்சுடா! புதுப் பேண்ட்டு!"

"ஒரே பந்து. எங்க அடிக்கப் போறேன்னு சொல்லியே அடிக்கிறேன். வலது பக்கம், மேல. அன்னிக்கு அடிச்சது. முடிஞ்சா பிடிங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். சுவருக்கு முன்னால் போய்க் குந்தினார். வேனிலிருந்து அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். பெண்கள் நெல்லில் நின்றபடியே பார்த்தார்கள்.

நாலு அடி பின்னால் போனேன். ஓடிவந்து அடித்தேன்.

சொல்லியே அடித்த பந்து. அவர் முன்கூட்டியே அந்தப் பக்கம்தான் பாய்ந்தார். கை முழுக்க நீட்டினார். பந்து அவர் விரலுக்கு ஒரு சாண் மேலே போனது. ஜன்னல் கண்ணாடி படீரென்று உள்ளே கொட்டியது.

அண்ணன் சிமெண்டில் விழுந்து கிடந்தார். புதுப் பேண்ட்டின் முழங்கால் கிழிந்திருந்தது. திரும்பி ஜன்னலைப் பார்த்தார். வெறும் சட்டம்தான் இருந்தது.

"இதையாடா பிடிச்சேன்?"

"இதைத்தாண்ணே."

"இதையா?"

"இதேதாண்ணே! இதே பந்துதான்!"

மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு, "எவன்டா அவன்!" என்று கத்தியபடி வெளியே வந்தார். அண்ணன் அப்படியே மல்லாந்து படுத்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. கனி மாமா அந்த ஜன்னலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தோளில் கை வைத்து, "வாங்க மாப்புள, நேரமாச்சு" என்றார்.

நான் துபாய் போகவே இல்லை. மாவட்டப் பனியனைக் காட்டி ஊரிலேயே ஒரு வேலை கிடைத்துவிட்டது. எந்தப் பாஸ்போர்ட்டுக்காகக் கார்டை மாற்றினேனோ, அது ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியானது. எட்டு ஊரில் இன்றைக்கும் நான் அண்ணனுக்கு விட்டுக்கொடுத்த தம்பிதான். சொல்லிக்கொள்ளட்டும். வாசகருக்குப் பதில் இது: நான் பெனால்டி தவறவிட்டதே இல்லை. ஒன்றே ஒன்றை ஒருவர் பிடித்தார்.

 அன்று வேன் மயிலாடுதுறையைத் தாண்டும்வரை அண்ணன் கிழிந்த பேண்ட்டோடு ஜன்னலோரமாக உட்கார்ந்து, நகம் பாதி முளைத்திருந்த அந்த வலது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.